நான்காவது தட்டின் கடைசி வட்டம்

நாத்தனார் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி வாசலுக்கே வந்து, "மெதுவா வா, ஓடிட்டிருக்கு" என்றாள்.

ஓடிக்கொண்டிருந்தது நாத்தனாருடைய டெக்னோ இசைத்தட்டு; பாட்டே இல்லாமல் இயந்திரத் தாளத்திலேயே போகிற இசை. வரும் சனிக்கிழமை, ஒரு பழைய கிடங்கில், முதல் தடவையாக ஆட்கள் முன்னால் இப்படித் தட்டுகளைச் சுழற்றி அவள் இசைக்கப்போகிறாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டாயிற்று. "மிக்ஸி ஓடுறதைக் கேக்க டிக்கெட் வேறயா?" என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டான். அண்ணி மட்டும்தான் வழி விட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. எதை முதல்ல கேக்கணும்னு நீயே சொல்லு. ஒண்ணாவது புடிச்சா வர்றேன். புடிக்காம வந்து பொய்யாத் தலையாட்ட மாட்டேன்."

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு நாத்தனார் ஐந்து ஆல்பங்களைப் பொறுக்கினாள். இந்த இசைக்கு அரிச்சுவடி என்று தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ளும் பழைய தட்டுகள். தன் ரெக்கார்ட் பிளேயரையும் அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். உறை ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. "ஒன்று: பாட்டு வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது." "இரண்டு: டிரம்மை விட்டுவிடுங்கள். பின்னால் மழை மாதிரி ஒன்று பெய்யும், அதைக் கேளுங்கள்." "மூன்று: அண்ணன் வெளியே போனபிறகு." நான்காவதில் "பொறுமை" என்று மட்டும். ஐந்தாவதில் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆறு இயந்திரங்கள் ஒன்றாகச் சுற்றும்போது எதில் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது என்று திரும்பாமலே சொல்லிவிடுவாள். முதல் மூன்று தட்டுகளையும் அந்தக் காதோடுதான் கேட்டாள். மனசில் ஒட்டவில்லை என்று போனில் சொல்லியும்விட்டாள். மிச்சம் இரண்டு. இன்று ஓடிக்கொண்டிருந்தது நான்காவது.

இப்போது அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "ஒன்றரை மணி நேரமா ஓடுது, முடியவே மாட்டேங்குது. பாதிக்கு மேல வெறும் டும் டும். அப்புறம் பாரு, அடியில ஒரு பொம்பளை முனகுறா. அவ போனதும் யாரோ வாளியை இழுக்கிறாங்க. செஞ்சவனுக்கு என்னா நெஞ்சழுத்தம்டி."

நாத்தனார் தட்டைப் பார்த்தாள். ஊசி நடுவிலிருந்த வட்டத்தாளை ஒட்டி, நகராமல் நின்றது. இப்படிச் சில தட்டுகளில், ஊசி ஓடும் பள்ளக்கோட்டின் கடைசிச் சுற்றை வட்டமாக மூடிவிடுவார்கள். கையால் எடுக்கும்வரை ஊசி அதிலேயே சுற்றும். பக்கம் எப்போதோ முடிந்திருந்தது. அண்ணி ஒரு மணி நேரமாகக் கேட்டது வெறும் இரண்டு விநாடி. அதில் முனகலும் இல்லை, வாளியும் இல்லை.

சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை அண்ணி ஒருத்தியாவது வருவாள். ஆனால் பொய்யாகத் தலையாட்ட மாட்டேன் என்றவளிடம் எப்படி மறைப்பது?

"அண்ணி, இது முடிஞ்சுபோச்சு. ஊசி மாட்டிக்கிட்டு அதே ரெண்டு செகண்டுதான் திரும்பத் திரும்ப வருது."

துண்டோடு குளிக்கக் கிளம்பிய அண்ணன் கதவருகில் நின்றுவிட்டான். "அப்படிப் போடு. நின்ன பஸ்ல உக்காந்துகிட்டு ஒரு மணி நேரமா ஊர் பாத்திருக்கா."

அண்ணி சிரிக்கவில்லை. காதோரம் சிவந்தது. குனிந்து, சலவை இயந்திரத்தின் மூடியைப் பார்ப்பதுபோல ஊசியை நெடுநேரம் பார்த்தாள்.

"மாறவே இல்லையா?"

"இல்ல அண்ணி."

"ஆனா நான் கேட்டேனே."

நாத்தனார் ஊசியை எடுக்கக் கை நீட்டினாள். அண்ணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "உக்காரு. நீ இதை எவ்வளவு நேரம் கேட்டிருக்க?"

யோசித்துப் பார்த்தால் பத்து விநாடிகூட இல்லை. வட்டம் வந்ததும் எழுந்துபோய் எடுத்துவிடுவதுதான் வழக்கம். நாத்தனார் தரையில் உட்கார்ந்தாள். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குளியலறைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்கவில்லை; அண்ணன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே.

நாத்தனார் வாயெடுத்தாள். அப்போது அந்த டும் டும் அடிகளுக்குக் கீழே, எங்கோ தூரத்தில், கனத்த இரும்புக் கதவு ஒன்று மெல்ல நகர்வதுபோல் இருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் முன்னால் சாய்ந்தாள். தட்டின் லேசான வளைவில் ஊசி ஏறி, இறங்கி, ஏறிக்கொண்டிருந்தது.