ஃபிரிட்ஜ் சத்தம் எங்கே?

அவள் படிப்பது ஆவணப்படக் கலை. பட்டத்துக்காக எடுத்திருக்கும் படம் சின்னம்மாவைப் பற்றி. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனுக்காகக் காத்திருக்கும் சின்னம்மா. நாளைக்குப் பேராசிரியர்கள் பார்க்கப்போகிறார்கள், தேறினால்தான் பட்டம். படத்துக்கு உயிரே ஒரு காட்சிதான். எதிர்பாராமல் போன் அடிக்கிறது, மகன் பேசுகிறான், ஜன்னல் வெளிச்சத்தில் சின்னம்மாவின் கண்ணீர் மின்னுகிறது. அன்றைக்கென்று இவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். காட்சியை எடுத்தவன் கூடப் படிக்கும் ஒட்டகம். உயரத்துக்காக வகுப்பு வைத்த பெயர்.

எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டியவளுக்குச் சுருக்கென்றது.

"ஒட்டகம், ஃபிரிட்ஜ் சத்தம் எங்கே?"

"எந்த ஃபிரிட்ஜ்?"

"சின்னம்மா வீட்டு ஃபிரிட்ஜ்தான். லாரி மாதிரி உறுமும். பேட்டின்னா முன்கூட்டியே பிளக்கைப் பிடுங்கிடுவோம். திடீர்னு வந்த போனுக்கு யாருடா முன்கூட்டியே பிடுங்கினது?"

"கரண்ட் போயிருக்கும்."

"பின்னால பல்பு எரியுது, பார்."

அவன் காதைச் சொறிந்தான். "நல்லா வந்த காட்சியை எதுக்கு நோண்டுறே? அழுகை நிஜம். அது போதாதா?"

மடியில் கனம் இல்லாதவன் இப்படியா பேசுவான்? வண்டியைக் கிளப்பிக்கொண்டு நேரே சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சின்னம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் அன்னிக்கு நிஜமாவே கூப்பிட்டானா சின்னம்மா?"

"இதென்னடி போலீஸ் விசாரணை? நம்பலேன்னா அவனையே கேளு."

வெட்கத்தை விட்டு அவனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "கூப்பிட்டேனே! காது கிழியத் திட்டு வாங்கினேன். அதையும் படம் பிடிச்சீங்களா?" என்று சிரித்தான் அண்ணன்.

திட்டா? படத்தில் ஒரு வசவுகூட இல்லையே!

"ஆமா, 'எருமை, உயிரோட இருக்கியா'ன்னு ஆரம்பிச்சேன், நிறுத்தவே இல்லை," என்றாள் சின்னம்மா. "கடைசியில ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். அந்தப் பையன் அப்போதான் பையிலேர்ந்து கேமராவை எடுக்கிறான். மூஞ்சி தொங்கிப்போச்சு. 'இன்னொரு தடவை சும்மா காதுல வச்சுக்குங்கம்மா'ன்னு கெஞ்சினான். பாவமா இருந்தது. பிளக்கை நானேதான் பிடுங்கினேன்."

"அப்போ அழுதது நடிப்பா?"

"நடிக்க எனக்கென்னடி தெரியும்? போன்ல ஒண்ணுமே கேட்கலை. இத்தனை வருஷமும் அப்படித்தானே காதுல வச்சுக்கிட்டு நின்னேன்? தாங்கலை, உடைஞ்சிட்டேன்."

 கேட்ட வேகத்திலேயே அவளுக்கு ஒரு சந்தேகம்: சின்னம்மா இவ்வளவு நயமாகப் பேசி இவள் எப்போது கேட்டிருக்கிறாள்? ஒட்டகம் முந்திக்கொண்டு போன் போட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பானோ?

"வெட்டிடுவியா?" என்றாள் சின்னம்மா.

"வெட்டினா படமே இல்லை. அப்படியே வச்சா பொய். காட்சிக்குக் கீழே ஒரு வரி எழுதட்டுமா?"

"உள்ளதை எழுது. எனக்கென்ன வெட்கம்?"

திரும்பி வந்து எழுதினாள்: 'மகன் பேசி முடித்தபின், போனில் யாரும் இல்லாதபோது எடுத்தது.' ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒட்டகம் மூக்கை உறிஞ்சினான்.

"அடிப்பாவி, முன்னைவிட நல்லா இருக்கே! உண்மைன்னு எழுதினியா, அழகா இருக்குன்னு எழுதினியா?"

"உண்மைன்னுதான்."

"அப்போ எருமை எங்கே? சிரிச்சது எங்கே?"

அவனை முறைத்தாள். பிறகு, 'மகனை எருமை என்று திட்டி, இருவரும் சிரித்து முடித்தபின்' என்று வரியை மாற்றினாள். மறுபடி ஓடவிட்டபோது கண்ணீர் அவ்வளவாக மின்னவில்லை.

"கெடுத்துட்டே. நாளைக்கு இந்த இடத்துல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்," என்று சொல்லிப் படத்தைச் சேமித்தாள்.