நேற்றைய மூடி

தங்கை டப்பாவில் தண்ணீர் ஊற்றி, இப்போதுதான் மெஷினிலிருந்து வந்த மூடியை அழுத்தித் தலைகீழாகக் கவிழ்த்தாள். மேசையெல்லாம் ஈரம். டப்பாக்கள் போன வாரம் வார்த்தவை, மூடிகள்தான் தொளதொளத்தன.

"அச்சோட உள் உருளையைக் கொஞ்சம் தேய்ச்சா மூடி சின்னதாயிடும்," என்று அண்ணன் அச்சைக் கழற்றப் போனான். அவன் சொந்தமாகச் செய்த முதல் அச்சு அது. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் டப்பா கேட்டவர் நாளை மதியம் வருகிறார்.

"இன்னொரு தரம் போட்டுப் பாரேண்ணே."

"போட்டுப் பாத்தாச்சு, குளிப்பாட்டியும் பாத்தாச்சு!"

கழற்றும் திருகுகளைப் போட்டுவைக்க அவன் ஒரு மூடியை எடுத்தான். நேற்று முதலில் வந்து, ஓரமாகத் தூக்கிப் போட்ட மூடி. தங்கை சட்டென்று அதைப் பிடுங்கி டப்பாவில் வைத்து அழுத்தினாள்.

'டக்.'

கவிழ்த்தாள். சொட்டுக்கூட இல்லை.

"அதே அச்சுதானே இது?" என்று கேட்டவன், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

இதுவரை அவர்கள் வார்த்தது கண்ணாடி போன்ற பாலிஸ்டைரீன். பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நீளமான நூல்கள். பாலிஸ்டைரீனில் அவை சிக்கலாகவே உறைந்துவிடும். சூடு தணிந்ததும் அளந்துவிடலாம். இந்த முறை டப்பாவும் மூடியும் சூடு தாங்க வேண்டும் என்று பாலிப்ரொப்பிலீனுக்கு மாறியிருந்தார்கள். இதில் நூல்களின் ஒரு பகுதி மடிந்து, அடுக்கடுக்காகப் படிகமாகிறது. அடுக்குகள் லேசில் இளகாது. அவற்றில் ஒளி சிதறுவதால்தான் இந்தப் பால் நிறம். மடித்து அடுக்கினால் இடம் குறையுமல்லவா, அதனால் சுருக்கமும் அதிகம். அச்சை விட்டு வந்த பிறகும் இந்த மடிப்பு மெல்ல மெல்ல நடக்கும். அச்சு செய்யும்போது சுருக்கத்துக்கு இடம் விட்டவன், சுருங்கி முடியக் காத்திருக்க மறந்துவிட்டான்.

"புரிஞ்சுபோச்சு. பழைய பிளாஸ்டிக் உன் துணி அலமாரி, புதுசு என்னோடது," என்றாள் இதை அண்ணனிடம் கேட்ட தங்கை.

"அப்போ என் அலமாரி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குன்னு ஒத்துக்கறே!"

மறுநாள் காலை, தொளதொளத்த மூடிகளையே ஒவ்வொன்றாகப் போட்டுக் கவிழ்த்தார்கள். துடைக்கத் துணியோடு நின்ற அண்ணனுக்கு வேலையே இல்லை. காய்ந்த மேசையை ஒருமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"இதைத் திறந்து குடுண்ணே, நகம் போகுது," என்று டப்பாவை நீட்டினாள் தங்கை.