தையல் அறையில் ஒரு ஸ்பீக்கர்

நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது என்று கால்குலேட்டர் எண்ணிக்கொண்டிருந்தது. பழைய தையல் மெஷினின் தலையை மட்டும் ஷெட்டு மேஜையில் திருகி வைத்து, பாபினில் நூல் சுற்றுகிற சின்னச் சக்கரத்தில் ஒரு டார்ச் பேட்டரியை மாட்டியிருந்தார் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிற மெஷின்காரர். பேட்டரியின்மேல் காகிதக் குழல், குழலின்மேல் ஸ்பீக்கர் சுருளுக்காக எரிந்துபோன மின்விசிறியிலிருந்து உரித்த செம்புக் கம்பி. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அதில் ஒட்டிய காந்தம் ஒரு சுவிட்சை இழுக்கும். சுவிட்சின் இரண்டு கம்பிகளும் கால்குலேட்டரின் சமக்குறிப் பட்டனுக்குள் போயிருந்தன. ஒன்று கூட்டல் ஒன்று என்று முதலில் தட்டிவிட்டால் போதும், அப்புறம் சுற்றுக்கு ஒன்றாக அதுவே கூட்டிக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைத் தானே கண்டுபிடித்ததில் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான். காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, அதுதான் இல்லை.

ஆள் இல்லாமல் என்ன, மனைவி இருந்தாள். டீயைக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்தாள். வைத்த சத்தம் கேட்டது, திரும்பிப் போன செருப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அன்றைய பேச்சு. மூன்றரை மாதமாக இப்படித்தான். பால்காரரிடம் பேசினாள், துணி கொடுக்க வருகிற பெண்களிடம் வாய் ஓயாமல் பேசினாள், மதில்மேல் வந்து உட்காருகிற பூனையிடம்கூட நலம் விசாரித்தாள். இவர் வாசலில் தலையைக் காட்டினால் மட்டும் ரேடியோவை அணைத்த மாதிரி ஆகிவிடும்.

குற்றம் இவர்மேல்தான், அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. மனைவிக்கு ஒரு தங்கை இருந்தாள், சின்னவள். பத்து வயதில் இவர்கள் வீட்டுக்கு வந்து, இங்கேயே வளர்ந்து, கூரியர் ஆபீசில் வேலைக்குப் போய், இவரை 'மாமா மாமா' என்று கிண்டலடித்தே கொன்றவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோ எத்தனையோ இருந்தது. குரல் இருந்தது ஒரே ஒரு கேசட்டில். மெஷின்காரர் ஒரு சோப்பு டப்பாவுக்குள் மைக் செய்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க அவளைப் பேசச் சொல்லிப் பதிந்தது. "மாமா, இதுல பேசினா குரல் வருமா நுரை வருமா" என்று ஆரம்பித்து பன்னிரண்டு நிமிஷம் அக்காவையும் மாமாவையும் வம்புக்கு இழுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனைவி அதைப் போட்டுக் கேட்டு, சிரித்து, அழுது, முகம் கழுவிக்கொண்டு சமைக்கப் போவாள்.

இவர் பதிகிற சோதனைக் கேசட் எல்லாவற்றுக்கும் 'டெஸ்ட்' என்று எழுதி நம்பர் போட்டு வைப்பது வழக்கம். சின்னவள் பேசியது நாலாம் நம்பர். ஒருநாள் டேப் ரிக்கார்டரைச் சரிசெய்ய நீளமான ஒரே 'பீப்' சத்தம் தேவைப்பட்டது. கைக்கு வந்த கேசட்டைப் போட்டு முழுப் பக்கத்துக்கும் பதிந்தார். அரைமணி நேரம் கண்ணும் கருத்துமாகத் திருப்புளியால் திருகித் திருகி, சத்தம் சுத்தமாக வந்ததும் சந்தோஷமாகக் கேசட்டை வெளியே எடுத்தார். அப்போதுதான் நம்பரைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் வாயில் என்ன வந்திருக்க வேண்டும்? வந்தது இதுதான்: "நம்பர் மாறிடுச்சு. விடு, ஒரு டேப்புதானே." தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுஷனுக்கு, தன் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று தெரியாமல் போய்விட்டது. தெரிந்தபோது ராத்திரி ஆகியிருந்தது, மனைவி சின்னவளின் அறையில் படுத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை. அதை நூறு தடவை தொண்டைவரைக்கும் கொண்டுவந்தார், ஒரு தடவைகூட அது பல்லைத் தாண்டவில்லை. வாய்தான் வரவில்லை, கை வரும். கையால் ஏதாவது செய்து கொடுப்போம் என்று இந்த ஸ்பீக்கரில் இறங்கினார்.

தடித்த வரைபடத் தாளைக் கூம்பாக ஒட்டி, அதன்மேல் வெள்ளைப் பசையை மூன்று பூச்சுப் பூசி வெயிலில் காயவைத்தார். ஓரத்துக்குக் கிழிந்த குடைத்துணி. நடுவில் தூசி மூடியாகப் பாதி பிங்பாங் பந்து. காந்தம் பழைய சாமான் கடைக்காரர் கொடுத்தது. "இதையாவது பொண்டாட்டிகிட்ட காட்டிட்டுச் செய்யுங்க, இல்லன்னா சோறு கெடையாது" என்று சொல்லிச் சிரித்தார், பாவம், வீட்டு விஷயம் தெரியாதவர். பெட்டிக்குத் தையல் மெஷின் மேஜையின் பலகையே போதும். எல்லாம் கூடியதும் மனைவி துணி தைக்கிற அந்த அறையில், சின்னவளின் அறையில்தான், அலமாரி மேல் வைத்து, ஒயரை வென்டிலேட்டர் வழியாக ஷெட்டுக்கு இழுத்தார். மத்தியானம் ஷெட்டிலிருந்து பாட்டுப் போட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால்தான் பேசியதாகிவிடுமே.

ஒரு வாரம் பாட்டுப் போயிற்று. எட்டாம் நாள் மூன்று மணிக்கு, மைக் ஒன்றைச் சோதிக்க உட்கார்ந்தவர் ஒயரை மாற்றிச் செருகிவிட்டார். அவர் செய்கிற எல்லா ஒயருக்கும் ஒரே மாதிரி கறுப்பு பின்தான், மூட்டையாக வாங்கிப்போட்டது. மைக் போகவேண்டிய துளையில் தையல் அறை ஒயர் போயிற்று. காதில் ஹெட்போனை மாட்டினால் டக டக டக என்று தையல் மெஷின் ஓடுகிறது. ஒரு கணம் திகைத்து, பிறகு தலையில் அடித்துக்கொண்டார். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே ஜாதிதானே. சத்தம் கொடுத்தால் கூம்பு ஆடும், கூம்பை ஆட்டினால் சத்தம் கொடுக்கும். அந்தப் பெட்டி இப்போது கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னைப் பிடுங்கக் கை போனது. அப்போது தையல் மெஷின் நின்றது, மனைவி பேசினாள்.

வார்த்தை புரியவில்லை. கூம்பு கனம், எல்லாம் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஆனால் ராகம் புரிந்தது. கோபமில்லாமல், இழுத்து இழுத்து, நாலு மாதத்துக்கு முன்னால் பேசிய அதே குரல். மெஷின்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் நிறுத்தினாள், கொஞ்ச நேரம் மௌனம், "ம்" கொட்டினாள், மறுபடி பேசினாள், ஓரிடத்தில் சிரித்தாள். யாரோடு என்று யோசிக்க வேண்டியதே இல்லை. சின்னவளோடுதான். கேசட்டும் போனபிறகு அவள் வேறு என்ன செய்வாள், வெறும் அறையோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் மீட்டரைப் பார்த்தார்.

சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் அது. அவள் பேசும்போது ஏறியது, அது நியாயம். அவள் நிறுத்திய இடத்திலும் ஏறியது. ஹெட்போனில் ஒன்றுமில்லை. முள் மட்டும் மேலே போய், துடித்து, இறங்கி, மறுபடி துடித்தது. பேசினால் எப்படி ஆடுமோ அப்படி. பிறகு அடங்கியது. உடனே அவள், "ம், அதுவும் சரிதான்" என்கிற தோரணையில் ஏதோ சொன்னாள்.

மனுஷன் அதற்குமேல் படாத பாடுபட்டார். மின்விசிறி இரைச்சல் என்றார், மோட்டார் பம்பு என்றார். மறுநாள் கரண்டுக்குப் பதில் பேட்டரியில் ஓட்டினார். அதற்கு மறுநாள் ஒயர்மேல் அலுமினியத் தாள் சுற்றினார். மூன்று மணி ஆனால் அவள் பேசினாள், அவள் நிறுத்தினால் முள் பேசியது. வெட்கமாகவும் இருந்தது. ஒட்டுக்கேட்கிறோம் என்று தெரியாமலில்லை. ஆனாலும் நாள் பூராவும் அந்த மூன்று மணிக்காகத்தான் இருந்தார். முள்ளைப் பார்த்த ஆறாம் நாள் பானைச் சத்தத்தைக் குறைக்க ஒரு சின்ன சர்க்யூட்டைக் கட்டிச் சேர்த்தார். அன்றைக்குத்தான் வார்த்தை வந்தது.

"உங்க நீலச் சட்டைக்குப் பட்டன் தச்சு ஆணியில மாட்டிருக்கேன்," என்றாள் மனைவி, பக்கத்தில் நின்று சொல்வதுபோல். மௌனம். முள் ஏறி இறங்கியது. "போங்க, உங்களுக்கு வேற வேலையில்ல," என்று சிரித்தாள்.

மெஷின்காரர் எழுந்தார். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குள் போனார். அவளுடைய போன் சமையலறையில் சார்ஜரில் கிடந்தது. நடையில் ஆணியில் நீலச் சட்டை தொங்கியது. இவருடைய சட்டைதான். கழுத்திலிருந்து இரண்டாவது பட்டன் புதுசு. தையல் அறைக் கதவைத் தள்ளினார். அவள் தனியாக உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். அலமாரி மேல் பெட்டி சும்மா இருந்தது.

மறுநாள் மத்தியானம் தட்டில் சோறு போட்டுக்கொண்டே அவள் பேசினாள். நாலு மாதம் பதினோரு நாள் கழித்து, முகத்தைப் பார்த்து.

"நேத்து நீங்க சொன்னத யோசிச்சுப் பாத்தேன்," என்றாள். "அவ குரல்ல பாதி என் தொண்டையிலதான் இருக்குன்னு சொன்னீங்கள்ல. காலைல தனியா பேசிப் பாத்தேன். இருக்கு. சிரிக்கிறப்ப இன்னும் நல்லா தெரியுது."

மெஷின்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் ஜென்மத்தில் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதுமில்லை. எவ்வளவு நல்ல வார்த்தை, எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் முதலில் நினைத்தார், பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"நான்..." என்றார்.

"தெரியும். நேர்ல உங்களுக்கு வராது," என்று தண்ணீரை ஊற்றினாள். "முதல் நாள் அந்தப் பெட்டியிலேருந்து மன்னிச்சுக்கோன்னு சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இத வந்து நின்னு சொல்றதுக்கு என்ன கேடுன்னு. அப்புறம் தினம் கேக்கக் கேக்க, சரி, இந்த மனுஷனுக்கு இப்படித்தான் வரும்போலன்னு விட்டுட்டேன். அங்கயே பேசுங்க. அது போதும் எனக்கு."

நான் இல்லை. இரண்டே வார்த்தை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் குரல், தன் முகத்தைப் பார்க்கிற இந்தக் கண், எல்லாம் இந்த நிமிஷமே மறுபடி அணைந்துபோகும். இனி திரும்பாது. மனைவி பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ம்," என்றார் மெஷின்காரர்.

"இன்னும் கொஞ்சம் போடவா?"

"போடு."

சாப்பிட்ட கையோடு ஷெட்டுக்குப் போனார். ஒயரைத் துளையிலிருந்து பிடுங்கினார். பிடுங்கினால் போதாது என்று தோன்றியது. ஸ்டூலைப் போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியாக ஒயரை மெதுவாக இழுத்தார். அலமாரிக்குப் பின்னால் அது கழன்று வருவது கைக்குத் தெரிந்தது. மொத்த ஒயரையும் முழங்கையில் சுற்றி வளையமாக்கிக்கொண்டார். இப்போது அந்தப் பெட்டியில் இருப்பது தாளும் பசையும் கொஞ்சம் கம்பியும் ஒரு காந்தமும்தான். அதற்குமேல் ஒன்றுமில்லை என்று செய்தவருக்குத் தெரியாதா. இன்றைக்கு அது பேசாது. ஏன் பேசவில்லை என்று அவள் இவரைக் கேட்பாள். அப்போது உள்ளே போய், எப்பாடுபட்டாவது, தன் வாயாலேயே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவது. குளறினாலும் சரி. அதை மெல்லச் சொல்லிப் பார்த்தபடியே வீட்டைச் சுற்றிப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

மூன்று மணி வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. மெஷின் நின்றிருந்தது. அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு, அலமாரியை நோக்கி முகத்தைத் திருப்பி, ஒரு கையால் கன்னத்தைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள். அறையில் ஒரு சத்தமில்லை. இவருக்குக் கேட்கிற சத்தம் ஒன்றுமில்லை. "ம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்." கண்ணோரத்தில் துளி நின்றது, உதடு சிரித்தது.

மெஷின்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். மன்னிச்சுக்கோ என்று வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவள் அசைவைக் கண்டு திரும்பினாள். அவரைப் பார்த்தாள். திறந்திருந்த வாயைப் பார்த்தாள், முழங்கையில் தொங்கிய ஒயர் வளையத்தைப் பார்த்தாள், அதன் முனையில் ஆடிய பின்னையும் பார்த்தாள். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

பிறகு, யாரோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்தவரை நிறுத்துவதுபோல், கொஞ்சம் இருங்க என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.