கொசுறாக வந்த பேட்டரி

1.

அக்காவும் தங்கையும் கடைசியாக ஒருமுறை முகம் பார்த்துக்கொள்வதன் விலை ஒரு பழைய பேட்டரி. அதையும் சித்தப்பா கொசுறாகத்தான் வாங்கினார்.

இந்தக் கதை எனக்கு வந்ததும் அப்படித்தான். பருப்புக் கடைக்குப் பின்னால் நிற்கும் வேனை விற்க வேண்டும், உனக்குத்தான் எழுத வருமே, நாலு வரி விளம்பரம் எழுதித் தா என்று சித்தப்பா கூப்பிட்டனுப்பினார். போனேன். 'உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் பேனல், அதிகம் ஓடாத வண்டி' என்று எழுதினேன். 'அதிகம் ஓடாத' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. விளம்பரத்துக்குப் போனவனுக்குக் கதை கொசுறு.

2.

சூரியன் யாரிடமும் பேரம் பேசுவதில்லை.

(அடித்துவிட்டேன். சித்தப்பா படித்தால், "நீ பேசிப் பாத்தியா?" என்பார்.)

2. (மறுபடியும்)

ஒரு பருப்பு வியாபாரி வெயிலை மூட்டை கட்ட ஆசைப்பட்டபோது

(இதை முடிக்கப்போவதில்லை. பேராசைக்காரன் கதை மாதிரி தொனிக்கிறது. அவருக்கு ஆசையே இல்லை. தேவைதான் இருந்தது.)

தேவை இது. சித்திக்கு முதுகுத் தண்டில் கோளாறு; அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. வாரம் ஓர் ஊசி போட வேண்டும். மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும், எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியை விட்டால் வேறெங்கும் கிடைக்காது. சித்தியின் அக்கா தொலைவில் ஒரு மலை மேல், மகன் வீட்டில், படுத்த படுக்கை. ஒருத்தியால் வர முடியாது, இன்னொருத்தியால் போக முடியாது. ரயிலில் படுத்துக்கொண்டே போகலாமே என்பீர்கள். அந்த மலைக்கு ரயில் இல்லை. இருந்திருந்தால் கதையும் இருந்திருக்காது, எல்லாருக்கும் லாபம்.

அதனால் சித்தப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த ஒரு வேனை வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போட்டார். படுக்கைக்கு அடியில் சின்ன ஃபிரிட்ஜ், கூரையில் பேனல். மின்சார விஷயத்தை அவர் புரிந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது: பகலில் கொள்முதல், ராத்திரி விற்பனை, பேட்டரிதான் கிடங்கு.

3.

பேட்டரிக் கடைக்காரரை வில்லனாக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். ஆள் அதற்குச் சரிப்பட்டு வரவில்லை. சாயங்காலம் கடையடைக்கும் அவசரத்தில் இருந்த சாதாரண மனிதர். புது பேட்டரியின் விலையில் ஒரு காசு குறைக்க மாட்டேன் என்றார். ஒன்றும் பெயராமல் ஒரு கடையை விட்டு வெளியே வருவது எங்கள் குடும்பத்தில் மானப் பிரச்சினை. மூலையில் யாரோ கழற்றிப் போட்டிருந்த பேட்டரி ஒன்று கிடந்தது. விலை உன்னோடு இருக்கட்டும், அதையும் தூக்கி வண்டியில் வை என்றார் சித்தப்பா.

"பழசுண்ணே அது."

"நானும்தான் பழசு. ஓடலையா?"

இருவரும் சிரித்தார்கள். சித்தப்பா அன்று வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வயர் போட்டு இணைத்தார். கிடங்கு இரட்டிப்பாகிவிட்டது என்று கணக்குப் போட்டார். பழைய பேட்டரி தன்னிடம் நிற்காத மின்சாரத்தைப் புதியதிடமிருந்து சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் தெரியவந்தது.

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: பழைய பருப்பின் மேல் புதுப் பருப்பைக் கொட்டினால் வண்டு ஏறிவிடும். இதற்காகச் சித்தப்பா வேலையாட்களைத் திட்டாத நாள் கிடையாது. கதைக்காக இதை நான் ஜோடித்ததாக நினைப்பீர்கள். ஜோடிப்பதாக இருந்தால் இதைவிட நம்பும்படி ஜோடித்திருப்பேன்.]

4.

முதல் நாள் நல்ல வெயில். வழியில் வண்டியை நிறுத்தி சித்தி அக்காவுக்குப் போன் பண்ணி, கிளம்பிட்டோம் என்றாள். அக்காவுக்குக் காது மந்தம். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவையும் சந்தோஷமாகவே சொன்னாளாம்.

இரண்டாம் நாள் மேகம். நல்ல பேட்டரி என்றால் ஒரு நாள் மேகத்தைத் தாங்கும்.

மூன்றாம் நாள் காலையில் சித்தி ஃபிரிட்ஜைத் திறந்து கையை விட்டாள். மருந்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஐஸ் பை வெதுவெதுப்பான

(இந்த வாக்கியத்தை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். மருந்து கெட்டுவிட்டது. அவ்வளவுதான்.)

ஊசி தள்ளிப்போனால் கால் மரத்துவிடும். முன்பு ஒருமுறை அப்படியாகி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். மலைக்கு இன்னும் ஒரு நாள் தூரம். சித்தப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் கிடந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்திதான் சொன்னாள்:

"திரும்பிடலாங்க. அடுத்த மாசம் வருவோம். அக்கா எங்கே போயிடப்போறா."

அடுத்த மாதம் பிறப்பதற்குள் அக்கா போய்விட்டார்.

5.

இதுவரை எழுதியதை இருவருக்கும் படித்துக் காட்டினேன். சித்தி கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சித்தப்பா சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு விலை கேட்பவரைப் போல ஆரம்பித்தார்.

"அந்தப் பழைய பேட்டரியை எடுத்துடு."

முடியாது, கதையே அதுதான் என்றேன். சரி, பேட்டரி இருக்கட்டும், இரண்டாம் நாள் மேகத்தையாவது விலக்கு என்றார். அதற்கும் நான் தலையாட்டாததால் இன்னும் இறங்கினார்: வண்டி போய்ச் சேர வேண்டாம், மலை மேல் அந்த வீட்டு விளக்காவது தூரத்தில் தெரியட்டும்.

"காகிதம்தானேடா. உனக்கு என்ன நஷ்டம்?"

(அவர் கேட்ட முடிவை நான் முன்பே எழுதியிருந்தேன். அதில் வேன் போய் நிற்கிறது, அக்கா வந்து கதவைத் திறக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர் எப்படி எழுந்து வருவார் என்பது திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கிழித்துவிட்டேன்.)

சித்தி கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"எழுதுறதுதான் எழுதுறே, சரியா எழுது. மூலையில கெடந்த பேட்டரியை இவருக்குக் காட்டினதே நான்தான்."

"இவ கடைக்குள்ளயே வரலை. வேன்ல படுத்திருந்தா," என்றார் சித்தப்பா.

"ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"ஜன்னலுக்குத் திரை போட்டிருந்துச்சு."

"விலக்கிட்டுப் பாத்தேன்."

"சரி, ரெண்டையும் சேத்து மாட்டினது யாரு? நான்தானே?"

"திரும்பலாம்னு சொன்னது யாரு?"

எந்தப் பேரத்திலும் பழியோ விலையோ அடுத்தவர் தலையில்தான் முடிய வேண்டும் என்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது. இரண்டு பேரும் எனக்கு எனக்கு என்று ஏற்றிக்கொண்டே போவதை அன்றுதான் பார்த்தேன். சித்தப்பா எழுந்துபோய் அவள் முதுகுக்கு அணைவாக ஒரு தலையணையைச் செருகினார்.

6.

அப்படியானால் மூன்றாம் பகுதியில் நான் எழுதியது பொய்யா? திரை விலகியிருந்ததா? திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். யாருக்குச் சாதகமாகத் திருத்தினாலும் மற்றவர் விடப்போவதில்லை. அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். விளம்பரமும் போகவில்லை. வேன் கடைக்குப் பின்னால் நிற்கிறது, இரண்டு பேட்டரிகளின் வயர்களும் கழற்றிக் கிடக்கின்றன, கூரையில் தினமும் வெயில் வந்து இறங்குகிறது, வாங்கி வைக்க ஆளில்லை.

முடிவு உங்கள் பொறுப்பு. கணக்கை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன்.

வரவு: முதல் நாள் வெயில்.
செலவு: ஃபிரிட்ஜ், மின்விசிறி, ஒரு விளக்கு, மூன்று தடவை 'கிளம்பிட்டோம்' சொன்ன போன்.
கொசுறு: ஒன்று.
பாக்கி: ஒரு நாள் தூரம்.
யார் பேரில்: