ஏழாம் ஊசியோடு முடித்த பேரம்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்குக்கு நைனார்பாளையத்தில் தரகு பார்ப்பவர் சுப்புராயன். மூட்டைக்கு இவ்வளவு என்று மண்ணுக்கும் ஈரத்துக்கும் கழிவு பிடிப்பார். மழையே பெய்யாத வருஷத்திலும் ஈரத்துக்குப் பிடிப்பார். உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அது இரண்டு மடங்காகச் சொன்ன விலை என்பது அவர் கண்ட ஞானம். அறுபத்திரண்டு வயதில் அது ஒன்றுதான் தேயாமல் இருந்தது.

தேய்ந்த வலது முழங்காலைச் சேலத்தில் மாற்றி அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது; அதற்கு வயிற்றில் தினம் ஓர் ஊசி, பதினான்கு நாள். படுத்தே கிடக்காமல் வேளாவேளைக்கு நடக்க வேண்டும்.

ஏழாம் ஊசியோடு சுப்புராயன் கணக்கை முடித்தார். எட்டாம் நாள் ஊசி போட வந்த நர்ஸ் நிர்மலாவை வாசலிலேயே மடக்கினார்.

"பதினாலுன்னு சொன்னா ஏழுதான் போட்டுக்குவாங்கன்னு அந்த டாக்டருக்கே தெரியும்மா. நீ புதுசு, உனக்குத் தெரியல."

"இது கிழங்கு இல்லீங்க ஐயா. ரத்தம் கட்டிக்கினு, அந்தக் கட்டி நகந்து நெஞ்சுக்குப் போச்சின்னா ஆளே இருக்க மாட்டாங்க."

"பாத்தியா, பயங்காட்டி விக்கிறா" என்று மனைவி பச்சையம்மாளைப் பார்த்துக் கண்ணடித்தார். நடையிலும் கழிவு பிடித்தார். கட்டிலிலிருந்து டீவி வரை நடந்தார். பிறகு டீவியைக் கட்டிலோரம் நகர்த்தச் சொன்னார்.

பதினோராம் நாள் காலையில் வலது கெண்டைக்கால் சுரைக்காயாக வீங்கிக் கொதித்தது. தொட்டால் கத்தினார்.

பச்சையம்மாளின் தம்பி பொன்னுரங்கம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தான். அவனுக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. அவனிடம் பிழைத்த நோயாளிதான் இல்லை.

"வாயு, மாமா. அழுத்தி உருவுனா எறங்கிடும்."

"உருவுடா" என்று காலை நீட்டினார் சுப்புராயன். படித்த டாக்டரிடம் பாதிக்குப் பாதி குறைத்தவர், மச்சானிடம் சொன்ன விலைக்கே வாங்கினார்.

பச்சையம்மாள் கிண்ணத்தைப் பிடுங்கித் தெருவில் கொட்டினாள். "கைய வச்ச, ஒடிச்சிடுவேன். நிர்மலா சொன்னது காதுல வுழலியா? கட்டி நகந்துச்சின்னா இன்னாடா பண்ணுவ? போயி காரு இட்டுக்கினு வா."

"யக்கா, நான் சொல்றத..."

"நீ சொன்னதக் கேட்டுத்தான் நம்ம வூட்டு மாடு செத்துச்சி. ஓடு!"

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டு நின்றது. நுரையீரலுக்கு இன்னும் கிளம்பவில்லை.

"மூணு மாசம் மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றாள் டாக்டர் ஷாலினி. "இதை உருவி விட்டிருந்தீங்கன்னா இங்க உயிரோட வந்திருக்க மாட்டீங்க."

சுப்புராயன் தொண்டையைச் செருமினார். "மூணுன்றது ஜாஸ்தி இல்லீங்களா டாக்டரம்மா? ஒரு ஒன்றரைன்னு..."

டாக்டர் மாத்திரைகளை அவர் மனைவி பக்கம் நீட்டினாள். பச்சையம்மாள் மாத்திரை அட்டைகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இனிமே அவராண்ட ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, எங்கிட்ட சொல்லுங்க. எந்தெந்த வேளைக்கு?"

"சாப்பிட்டதும் காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. இன்னைக்கு இப்பவே ஒண்ணு."

"ஒரு வேளை போதும்னு..." என்று சுப்புராயன் மறுபடியும் வாயைத் திறந்தார். திறந்த வாயில் பச்சையம்மாள் மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள். நாற்பது வருஷமாக "இன்னாங்க" என்று கூப்பிட்ட வாய் சொன்னது:

"முழுங்கு."

முழுங்கினார்.