சுவரில் ஒரு கையளவு இடம்

1.

இந்தக் கதை ஓர் அற்பமான எண்ணத்தில் பிறந்தது. ஒரு கண்காட்சிக் கூடத்தில், வெள்ளைச் சுவர் நெடுக யாரோ சேற்றை உள்ளங்கையால் வரிசையாக அப்பியிருந்தார்கள். பக்கத்தில் சின்ன அட்டை: ‘ஆற்றிலிருந்து இந்தச் சுவர்வரை நடந்தே கொண்டுவந்த சேறு.’ என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: பாதி வழி பஸ்ஸில் வந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கேலிக்கதை ஒன்று எழுதிவிடக் கை பரபரத்தது.

2.

முதல் தொடக்கம்: ‘ஊரை ஏமாற்றிய ஓவியர் ஒருவர் —’ வேண்டாம். ஏமாற்றுக்காரரை வைத்து ஒரு பக்கம்கூட ஓட்ட முடியாது.

இரண்டாவது: ‘அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது.’ இது பரவாயில்லை. நடப்பதையே கலையாகச் செய்கிறவள் அக்கா. வழியில் கிடைக்கும் கல்லும் குச்சியும் சேறும்தான் அவளுக்கு வண்ணம். கண்காட்சிக்குத் தேதி குறித்தாகிவிட்டது, கால் மடங்கவில்லை. அவளுக்குப் பதில் நடக்க வந்தவள் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கலைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

“மண்ணுதானே வேணும்? வண்டி வச்சுக் கொண்டுவந்து இறக்கிடலாமே?”

“வண்டில வந்தா அது வெறும் மண்ணுடி.”

“நடந்து வந்தா மட்டும் தங்கமா மாறிடுமா?”

“மாறாது. ஆனா நீ நடந்திருப்பே.”

தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் லீவு போட்டாள். அக்கா அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை.

3.

ஆற்றில் சேறு அள்ளி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு தங்கை நடந்தாள். நடந்தாள். நடந்து — [நடையை எழுதுவது இவ்வளவு அலுப்பான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.]* அதனால் அவளைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்ட மாட்டேன் என்கிறாள். குதிகால் வெடித்துவிட்டது, செருப்பு கையில் இருக்கிறது, அப்போதும் நீட்டவில்லை. இவளை வைத்துக் கேலி செய்ய முடியாது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

கடைசியில் அவள் பஸ் ஏறியது வேறு மாதிரி. செங்கல் சூளை அருகே அவள் நொண்டுவதைப் பார்த்து, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் ஒரு பஸ் நின்றது.

“ஏறும்மா,” என்றார் டிரைவர்.

“இல்லண்ணா, நடந்தே போயிடறேன்.”

“கால பாரு, ரத்தம் வருது. டிக்கெட்டெல்லாம் வேண்டாம், ஏறு.”

பஸ் மொத்தமும் அவளையே பார்த்தது. ஒரு பெரியவர் நகர்ந்து பைக்கும் சேர்த்து இடம் விட்டார். இது கலை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஏறிவிட்டாள். ஊர் எல்லையில் இறங்கி, மிச்சத்தை நடந்தாள்.

(* நான் அந்த ஆற்றுக்குப் போனதுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இவளை நடக்க வைக்கிறேன்.)

4.

மறுநாள் காலை கூடத்தில், ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா சேற்றை அப்பினாள். வழியில் ஓர் இடத்துக்கு ஒரு கை. தங்கை இடத்தைச் சொல்லச் சொல்ல, கை பதிந்தது. ஆறு. பாலம். சூளை.

“சூளைக்கு அப்புறம்?”

முதல் முடிவு: ‘ஒரு பெரிய மரம்’ என்று தங்கை பொய் சொல்கிறாள், அக்கா நம்புகிறாள். எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்கிறாள்; அதனால் என்ன என்று அக்கா சிரிக்கிறாள். அக்கா அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.

ஆகவே இப்படி:

“அப்புறம் பஸ்ல வந்துட்டேன்க்கா. அந்த அண்ணன் முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல முடியல. உன் வேலைய கெடுத்துட்டேன்.” தங்கைக்கு அழுகை வந்துவிட்டது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? முகம் கறுத்தது. பிறகு தங்கையின் காலைத் தூக்கி, தன் நல்ல முழங்கால் மேல் வைத்துக் குதிகாலைப் பார்த்தாள்.

“ஏறுன இடம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

அக்கா சூளைக்கு அடுத்து ஒரு கையளவு இடத்தை விட்டுவிட்டு, மேற்கொண்டு அப்பத் தொடங்கினாள்.

“புண்ணு ஆறட்டும். முடிஞ்சா அந்தத் தூரத்த நடந்து பாரு. முடியலன்னா அது அப்படியே இருக்கட்டும்.”

5.

புண் ஆறிவிட்டது. கண்காட்சியும் திறந்தாகிவிட்டது. வந்தவர்கள் அந்த இடத்தைக் கவனிக்கக்கூட இல்லை. தங்கை மிச்சச் சேற்றில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு, சூளையருகே போய் நிற்கிறாள்.

‘நடந்து வந்து சேர்ந்தாள்’ என்று ஒரே வரியில் என்னால் முடித்துவிட முடியும். அது மறுபடியும் அவளைப் பஸ் ஏற்றிவிடுகிற வேலை. அதனால் நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குச் செருப்பு மாட்ட நேரமிருந்தால் அவள் கூடப் போய்விட்டு வாருங்கள்.

தங்கை சேற்றை இறுகப் பிடித்துக்கொண்டு

[                                        ]