ஐஸ் பெட்டியில் வந்த சீர்

மாமாவின் மலம் பரிசோதனையில் தேறிவிட்டது என்ற செய்தி குடும்ப வாட்ஸாப் குரூப்பில் காலை இட்லி நேரத்துக்கு வந்தது. பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருக்கும் தங்கராசு மாமா தன் குரலிலேயே பேசிப் போட்டிருந்தார்.

"கிருமி இல்ல, புழு இல்ல, மஞ்சக்காமால இல்ல. எல்லாம் க்ளீன். இந்த வயசுல இப்படி ஒரு குடலான்னு டாக்டரம்மாவே அசந்துட்டாங்க."

அதோடு விட்டிருக்கலாம். பின்னாலேயே, சோதனைக்குக் கொடுத்ததன் போட்டோவும் வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். விருத்தாசலத்துச் சித்தி மட்டும் கைகூப்பிய படம் போட்டிருந்தாள்.

சத்யப்பிரியா இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். வாயில் இருந்த துண்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"என்னாடி, உனக்குத்தான நல்ல சேதி?" என்றாள் அம்மா அமராவதி. அவள் அந்தப் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே விரல்களால் சட்னியைத் தொட்டாள்.

சத்யாவுக்குப் பெருங்குடலில் புண். பத்தாவது முடித்த கோடையில் ஆரம்பித்தது. வயிற்றைப் பிசையும், ஓட வேண்டும், உட்கார்ந்தால் ரத்தமும் சளியுமாகப் போகும். ப்ளஸ் ஒன் படித்த பள்ளியில் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, தரையில் யார் யாரோ விட்டுப்போனது காய்ந்து கிடக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு அதற்குள்தான் ஓடுவாள். ஒரு நாள் வேதியியல் பரீட்சையின் நடுவில் எழுந்து நின்று கையைத் தூக்கினாள். டீச்சர் தலையை நிமிர்த்தாமல் "உக்காரு" என்றார். உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவளும் பள்ளிக்கூடம் போகவில்லை.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாத்திரை தின்றாள். முகத்தைப் பூசணிக்காயாக ஊத வைத்த ஸ்டீராய்டும் தின்றாள். கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். கடைசியில்தான் சிதம்பரத்தில் குடல் டாக்டர் அனுப்பிரியாவிடம் போனார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எதையும் சுற்றி வளைக்காதவர். "குடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கும். நமக்கு வேலை செய்யறதுங்கதான் ஜாஸ்தி. இவளுக்கு அதுங்க செத்து, குறைஞ்சு, தாறுமாறா இருக்கு. நல்லா இருக்கற ஒருத்தரோட மலத்தை எடுத்து, கரைச்சு, வடிகட்டி, பின்பக்கமா ட்யூப் வெச்சு உள்ள விடுவோம். ஒரு தடவை இல்ல, சில வாரத்துக்கு அப்பப்ப."

"பீயவா?" என்றாள் அம்மா.

"ஆமா."

ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா கண்ணாயிரம், அதற்கு மேல் கேட்க வேண்டியது எதுவும் இல்லை என்பதுபோல் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். கேட்டவங்களுக்கு நல்லாவே அடங்கியிருக்கு. எங்ககிட்ட வெளியாளுங்க குடுத்தது, எல்லாம் சோதிச்சு ஃப்ரீசர்ல உறைய வெச்சது இருக்கு. யாரு குடுத்தாங்கன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டோம். இல்லன்னா சொந்தத்துல யாராவது குடுக்கலாம். அவங்களையும் அதே மாதிரி சோதிப்போம்."

"எவன் எவளோடதோ எம் பொண்ணு உடம்புல ஏத்துறதா? என்னா சாதியோ, என்னா கண்றாவியோ!"

அப்படியானால் சொந்தத்தில் யார் கொடுப்பார்கள் என்று டாக்டர் விசாரித்தார். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு வயிற்றுப்புண் மாத்திரை. இரண்டு பேருடையதும் ஆகாது. அன்று மதியமே அம்மா தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

தங்கராசு மாமா மறுநாளே கடலூர் முதுநகரில் அவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் பலாச்சுளை அழுகிய வாடை வீட்டுக்குள் வந்தது. மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். வேட்டியில் பலாப்பிசின் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருந்தது. அம்மா கறி ஆக்கிப் போட்டாள். எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவர் பேசினார்.

"எந் தங்கச்சி மவளுக்கு நான் குடுக்காம எவன் குடுப்பான்? மடியில உக்கார வெச்சு காது குத்துனவன் நானு. மஞ்ச தண்ணி ஊத்தறப்ப ஊரே பாக்கத் தட்டு தட்டா சீர் கொண்டாந்தவன் நானு. இத மட்டும் வெளியாளு செய்யுறதா? என்னா மாப்ள?"

"நீ சொன்னா சரிதான் மச்சான்," என்றார் அப்பா.

"தெனமும் காலைல அஞ்சு மணி ஆனா கரெக்டா வரும். வாழப்பழம் மாதிரி. ஒட்டாது." மாமா சுண்டுவிரலைக் கடைவாய்க்குள் விட்டு, மாட்டியிருந்த நாரை எடுத்துப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார். அதே கையால் சத்யாவின் கன்னத்தைத் தட்டினார். "நீ கவலப்படாத கண்ணு. மாமன் இருக்கேன்."

அவர் போன பிறகு சத்யா கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவியும் கறிவாடை போகவில்லை. இனி இந்த மனுஷனின் உள்ளே இருப்பது தனக்குள்ளே போய்க் குடியிருக்கும் என்று நினைத்தாள். கன்னத்தைக் கழுவலாம். குடலை எதைப் போட்டுக் கழுவுவது?

ஆனால் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நகமெல்லாம் வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எதையும் சட்டென்று சொல்லி வழக்கமும் இல்லை.

மாமா விரதம் இருப்பவர் போலத் தயாரானார். டாக்டர் சொன்ன நாளிலிருந்து குவார்ட்டரைத் தொடவில்லை. காய்ச்சல் வந்தபோதுகூட மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடவில்லை. கீரை தின்றார். அதையெல்லாம் தினமும் குரூப்பில் சொன்னார். பண்ருட்டியில் லாரிக்காரர்கள் வரைக்கும் சேதி தெரிந்துவிட்டது. அவருடைய மகன் சிலம்பரசன் மட்டும் தனியாக சத்யாவுக்கு மெசேஜ் அனுப்புவான். "என்னா கழிசலு, எங்கப்பா சரக்கு ரெடி. நீ ரெடியா?" கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள்.

சிலம்பரசனுக்கு வயது முப்பதை நெருங்கியது. குடித்துவிட்டு அப்பாவின் லோடு வண்டியை இரண்டு முறை வாய்க்காலில் இறக்கியவன். திட்டக்குடியிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் காப்பி குடித்து முடிக்கும் முன்பே அவன் கூடத்தில் வாந்தி எடுத்தான். அவர்கள் அன்று போனவர்கள்தான்.

சிதம்பரம் போக வேண்டிய நாளில் அப்பா தன் ஆட்டோவையே எடுத்தார். பஸ்ஸில் சத்யாவால் போக முடியாது. பின்சீட்டைக் கழற்றி ஒரு பக்கெட் வைத்து, அம்மாவின் பழைய புடவையைக் கயிற்றில் கட்டித் திரை போட்டிருந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒரு தரம், புதுச்சத்திரத்தில் ஒரு தரம். ஒவ்வொரு குழியிலும் பக்கெட்டில் இருந்தது தளும்பியது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். சத்யா தன் நாற்றத்துக்கு நடுவில் தானே உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் மாமா குடும்பம் முன்னாடியே வந்து நின்றது. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ராசம்மாள் அத்தை பட்டுப்புடவை. சிலம்பரசன் கூலிங் கிளாஸ். இங்கேயே கழிவறையில் எடுத்துக் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்குப் புது இடத்தில் வராதாம். வீட்டிலேயே ஆஸ்பத்திரி டப்பாவில் பிடித்து, மீன் வாங்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, காரில் கொண்டு வந்திருந்தார்.

பெட்டி தரையில் இல்லை. அத்தை கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் கொம்பு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைச்சரம். நடுவில் அந்த ஐஸ் பெட்டி. பெட்டிக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பழைய மத்தி மீன் வாடையும் மல்லிகை வாசனையும் அதற்கடியில் இன்னொன்றும் சேர்ந்து வந்தது. நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"புடிம்மா அமராவதி," என்றார் மாமா. "அண்ணன் சீரு."

அம்மா இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கினாள். வாங்கியதும், காலம் காலமாகப் பழகிய கை தானாக மேலே போனது. தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சத்யா பின்னால் நகர்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அத்தை மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் தலையில் செருகிவிட்டாள். பெட்டியில் உரசிய பூ. ஈரமாக, ஜில்லென்று பிடரியில் பட்டது.

"அவ்ளோதான், தட்டு கைமாறிடிச்சி," என்றாள் அத்தை. "சொந்தக்காரங்களுக்கு அப்புறமா சொல்லிக்கலாம். ஆவணியில நல்ல நாளு இருக்கு."

"என்னா அண்ணி சொல்றீங்க?"

"என்னா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற? உங்கண்ணன் தன் வயித்துல இருந்து எடுத்துக் குடுக்குறாரு. சும்மாவா? நாளைக்கு வேற எவனாவது பொண்ணு கேட்டு வந்தா, மாமன் பீய ஏத்திக்கிட்டவன்னு சொல்லியா குடுப்ப? ஊருக்கே தெரியும்."

ஊருக்குச் சொன்னது யார் என்று அம்மா கேட்கவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றாள். கீழே வைத்தால் அண்ணனை அவமானப்படுத்தியது ஆகும்.

"எனக்கு ஓகேப்பா," என்றான் சிலம்பரசன். "இனிமே உள்ள இருக்கப்போறது எங்க வூட்டு அயிட்டம்தான?" அவன் சிரித்தபோது ஹான்ஸ் புகையிலை அடைத்த கீழுதட்டுக்குள் பழுப்பு எச்சில் தெரிந்தது.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். எல்லோரும் சேர்ந்தே அறைக்குள் போனார்கள், தாம்பாளமும் போனது. டாக்டர் அனுப்பிரியா குங்குமம் வைத்த பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சத்யாவின் பக்கம் திரும்பினார்.

"ஆரம்பிக்கலாமா சத்யா? உனக்குச் சம்மதம்தான?"

"சம்மதம்தான் டாக்டர்," என்றார் மாமா.

"அவளக் கேட்டேன்."

 எல்லோரும் சத்யாவின் வாயையே பார்த்தார்கள். பிடரியிலிருந்து ஒரு சொட்டு முதுகில் வழிந்து, ரவிக்கைக்குள் இறங்கியது. ஐஸ் தண்ணீர். மீன் தண்ணீர். வேறு என்ன தண்ணீரோ.

"வேணாம்," என்றாள்.

"என்னம்மா?"

"இவரோடது வேணாம். ஃப்ரீசர்ல இருக்கறது குடுங்க."

மாமா ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஏய்," என்றார் மாமா. "எவன்துன்னே தெரியாதத ஏத்திக்குவியா? எவன், எங்க, என்னத்தத் தின்னவனோ!"

"தெரியாததுதான் வேணும் மாமா. அவன் வந்து தட்டு வெக்க மாட்டான்."

டாக்டர் குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். சிரிப்பை மறைத்தாரோ என்னவோ, நிமிரும்போது முகம் சாதாரணமாக இருந்தது. "அதுக்கு உடனே முடியாதும்மா. உனக்கு முன்னாடி ஆளுங்க காத்திருக்காங்க. மூணு வாரமாவது ஆவும். அதுவரைக்கும் ரத்தம் போறது நிக்காது. ரொம்பக் குறைஞ்சா ரத்தம் ஏத்த வேண்டி வரும். யோசிச்சுச் சொல்லு."

மூன்று வாரம். அதே பக்கெட், அதே புடவைத் திரை. சத்யா யோசித்தாள். அடிவயிறு அதற்குள் முறுக்க ஆரம்பித்திருந்தது.

"இருந்துக்கறேன்," என்றாள்.

தலையிலிருந்து பூவை உருவிப் பெட்டி மேல் வைத்து, அம்மாவின் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பெட்டி மூடி சரியாக உட்காரவில்லை, ஓரத்தில் கசிந்து வெற்றிலையை நனைத்திருந்தது. வாடை நேராக முகத்தில் ஏறியது. மூக்கைப் பொத்தக் கை இல்லை. இரண்டு கையாலும் நீட்டினாள், சீர் கொடுப்பதுபோலவே.

"இந்தாங்க அத்தை."

அத்தை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவ்வளவு தூரம் ஏந்தி வந்தவளுக்கு இப்போது அது வெறும் பீயாகத் தெரிந்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்தாள். சிலம்பரசன் கதவுப்பக்கம் நகர்ந்தான். கடைசியில் மாமாதான் வாங்கினார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நன்றி கெட்டதுங்க. மூணு மாசம் நாக்கக் கட்டி வெச்சேன்டா உங்களுக்காக! இனிமே அண்ணன்னு எவளாவது போன் பண்ணா பாரு. அமராவதி, உனக்கு நான் செத்தேன்!"

அம்மா அழுதாள். மாமா தாம்பாளத்தை டாக்டர் மேஜை மேல் வைக்கப் போனார்.

"இங்க வெக்காதீங்க. உங்களதுதான, எடுத்துட்டுப் போங்க," என்றாள் நர்ஸ்.

அதுவரை பேசாத அப்பா தொண்டையைச் செருமினார். "வெயிலு ஏறுது மச்சான். கார எடு. கெட்டுப்போயிடும்."

அவர் கேலிக்குச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா குங்குமப் பொட்டு வைத்த பெட்டியோடு வராண்டாவில் நடந்து போனார். காத்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

திரும்பும்போது அப்பா குழிகளைப் பார்த்துப் பார்த்து ஆட்டோவை மெதுவாக ஓட்டினார். அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. பி.முட்லூர் தாண்டியதும் சத்யாவின் வயிறு முறுக்கியது. அவள் சொல்வதற்குள் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். காற்று வேகமாக அடித்துத் திரை பறந்தது. அம்மா இறங்கி, புடவையின் முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"ஏண்டி," என்றாள் திரும்பாமலேயே. "அந்த ஆளு எப்படிப்பட்ட ஆளா இருப்பான்?"

"எந்த ஆளு?"

"அதான், ஃப்ரீசர்ல குடுத்து வெச்சவன்."

"யாருக்கும்மா தெரியும்? பொம்பளையாக்கூட இருக்கலாம்."

அம்மா புடவை முனையைக் கை மாற்றிப் பிடித்தாள். "எவளோ ஒருத்தி. பல்லு குத்துன நாரத் திரும்ப வாயில போட்டுக்காதவளா இருந்தா சரி."

சத்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வயிறு இன்னும் வலித்தது, கீழே பக்கெட் ஆடியது.

"சிரிக்காம சீக்கிரம் முடிச்சிட்டு வாடி," என்றாள் அம்மா, புடவையை விடாமல். "நாத்தம் கொடலப் புடுங்குது."